கஸ்தூரிரங்கனின் வானத்துக் கல்

உயிர் எங்கே தோன்றியது, அறிவு எங்கே தோன்றியது என்று மண்டையைக் குடைந்துகொள்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. என்னைக் கேட்டால் ஒரு மூச்சில் சொல்லிவிடுவேன். எனக்கு அறிவு தோன்றிய இடம் புதுடில்லி ரயில் நிலையத்துப் பிளாட்பாரம். திருமங்கலத்திலிருந்து டிக்கெட் இல்லாமல் வந்து இறங்கி, பட்டினி கிடந்து, கடைசியில் ஒரு பூரிக்கடைக்காரன் முன்னால் போய் நின்று, பாத்திரம் கழுவட்டுமா என்று கையால் ஜாடை காட்டினேன் பாருங்கள், அந்த நிமிஷத்தில் தோன்றியது. அதற்கு முன்னால் எனக்கு உயிர் இருந்தது, அவ்வளவுதான். இதற்கு மேல் இதில் ஆராய என்ன இருக்கிறது?

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசிப் பரீட்சை எழுதவில்லை. இன்றைக்குக் கரோல் பாக்கில் அழகர்சாமி டென்ட் ஹவுஸ் என்று கேட்டால் ரிக்‌ஷாக்காரன் நேரே கொண்டுவந்து விடுவான். டில்லித் தமிழன் வீட்டுக் கல்யாணமா, சீமந்தமா, சங்கக் கூட்டமா, உட்காருவது என் நாற்காலி, தலைக்கு மேலே என் ஷாமியானா, பேசுவது என் மைக். எம்.ஏ. படித்தவர்களும் டாக்டர் பட்டம் வாங்கியவர்களும் என் மைக்கில்தான் முழங்குகிறார்கள். நான் ஸ்விட்சை அணைத்தால் அவர்கள் படிப்பு முதல் வரிசையைத் தாண்டாது.

நமது கழகத்தின் வெள்ளிவிழா மலருக்குப் பழைய உறுப்பினர் ஒருவரைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். பெரிய மனிதர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் கஸ்தூரிரங்கனைப் பற்றி எழுதுகிறேன். இவ்வளவு படித்து இவ்வளவு உதவாமல் போன மனிதரை நான் வேறு பார்த்ததில்லை. அப்படி ஒருவரும் மலரில் இருக்க வேண்டும் அல்லவா?

மோதி பாக்கில் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருந்தார். கும்பகோணத்தில் பி.ஏ. படித்துவிட்டு டில்லிக்கு வந்து ஓர் அமைச்சகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். அஸிஸ்டென்ட் என்ற நாற்காலியில் போய் உட்கார்ந்தவர் அங்கேயே வேர் விட்டுவிட்டார். கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் மேலே ஏறிப் போனார்கள். இவர் ஏறியது டி.டி.சி. பஸ்ஸில் மட்டும்தான். ஒல்லி உடம்பு, காதை மூடிய மஃப்ளர், கக்கத்தில் ஏதாவது ஒரு விஞ்ஞானப் புத்தகம். பஸ் ஸ்டாப்பில் நின்றால் பக்கத்தில் நிற்கிறவனுக்கு நட்சத்திரத்தைப் பற்றிச் சொல்லுவார். அவன் பஞ்சாபியாக இருந்தால் இந்தியில் சொல்லுவார். அந்த இந்தியைக் கேட்டுவிட்டு அவன் அடுத்த ஸ்டாப்புக்கு நடந்தே போய்விடுவான்.

கழகத்தில் சொற்பொழிவுக்கு அவர்தான் செயலாளர். நாற்காலி சொல்ல என் கடைக்கு வருவார். வந்தால் நாற்காலியைப் பற்றிப் பேச மாட்டார்.

"ஓய் அழகர்சாமி, நாமெல்லாம் எங்கேர்ந்து வந்தோம், தெரியுமோ?"

"நான் திருமங்கலம். நீங்க கும்மோணம் பக்கம்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி எங்கப்பன்."

"அதுக்கும் முன்னாடி ஓய்! மனுஷாளே இல்லாதப்போ, புழு பூச்சி இல்லாதப்போ, வெறும் பாறையும் தண்ணியுமா இருந்தப்போ?"

"அப்ப நாற்காலிக்கு வேலை இல்ல. இப்ப எத்தனை வேணும், அதைச் சொல்லுங்க சாமி."

அவர் கட்சி இதுதான். உயிர் பூமியில் முளைக்கவில்லையாம். வானத்திலிருந்து விழுகிற கல்லில் விதையாக ஒட்டிக்கொண்டு வந்ததாம். அறிவுக்கும் அங்கேதான் பிறந்தகமாம். எங்கேயோ நம்மைவிடப் பழைய ஜனங்கள் இருக்கிறார்களாம், நாம் அவர்களுக்குத் தூரத்து உறவாம். பக்கத்து வீட்டுக்காரன் பெயர் தெரியாத ஊரில் இருந்துகொண்டு நட்சத்திரத்தில் உறவு தேடினார்.

எழுபத்தொன்பதில் அமெரிக்காக்காரன் வானத்தில் விட்ட ஸ்கைலாப் தலையில் விழப்போகிறது என்று ஊரெல்லாம் நடுங்கியது ஞாபகம் இருக்கும். டில்லியில் பல பேர் மொட்டை மாடியில் படுப்பதை நிறுத்தினார்கள். அந்த ஒரு மாதம் கஸ்தூரிரங்கனுக்கு மவுசு. "மேலேர்ந்து விழறதுக்கு ஏன் பயப்படறேள்? நாமே மேலேர்ந்து விழுந்தவாதான்" என்று கழகத்தில் ஒரு பேச்சுப் பேசினார். கை தட்டினார்கள். கைதட்டல் என்பது கள் மாதிரி. பழக்கமில்லாதவனுக்கு ஒரு சொட்டுப் போதும்.

அந்த மிதப்பில் இருக்கும்போதுதான் கல் கிடைத்தது. ஆபீஸ் வேலையாக ராஜஸ்தான் பக்கம் போனவர், ஒரு கிராமத்தில் ஆடு மேய்க்கிறவனிடமிருந்து வாங்கி வந்தார். ஒரு நாள் மத்தியானம் இடி மாதிரி சத்தம் கேட்டு, புகையோடு வந்து விழுந்தது என்று அவன் சொன்னானாம். ஆடு மேய்க்கிறவன் சொன்னதை பி.ஏ. நம்பியது. நான் ஒரு பானிபட் கம்பளம் வாங்கினால்கூட நூலைப் பிரித்துப் பார்க்காமல் வாங்க மாட்டேன்.

அவருடைய மச்சினர் ஒருவர் மருத்துவக் கல்லூரியில் இருந்தார். அவரிடம் பழைய மைக்ராஸ்கோப் ஒன்றை இரவல் வாங்கினார். கல்லைச் சுரண்டி, காய்ச்சி ஆறிய தண்ணீரில் போட்டுப் பார்த்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. சும்மா விடுகிற ஆளா? மாதா மாதம் சுரண்டினார். குளிர் தொடங்கிய சமயம் ஒரு நாள் என் கடைக்கு ஓடி வந்தார். மஃப்ளர் தோளில் தொங்கியது, செருப்பு ஒன்று மாறியிருந்தது.

"நெளியறது ஓய்! குட்டிக் குட்டியா, சங்கிலி சங்கிலியா! உயிர்!"

"சாமி, கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பார்த்தீங்களா?"

என்னை அவர் பார்த்த பார்வையில் எனக்காகப் பரிதாபப்பட்டது தெரிந்தது. ஷாமியானாக்காரனுக்கு என்ன தெரியும் என்று. படித்தவர்களின் அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் மழை வரும்போது அந்தப் பார்வை எங்கே போகிறது என்றும் எனக்குத் தெரியும்.

ஜனவரியில் கூட்டம் வைப்பது என்று முடிவு செய்தார். டாக்டர் வெங்கடேஸ்வரன் என்று ஒரு விஞ்ஞானி, கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைப் பற்றியே வேலை செய்கிறவர், தலைமை. கல்லிலிருந்து சுரண்டிய பொடியை ஒரு சின்ன பாட்டிலில் அடைத்து அவரிடம் முன்கூட்டியே கொடுத்துவிட்டார். அதோடு விட்டாரா? "என்ன முடிவானாலும் என்கிட்ட முன்னாடி சொல்லாதீங்கோ. மேடையிலே எல்லார் முன்னாடியும் சொல்லணும்" என்று கேட்டுக்கொண்டாராம். வினை வைக்க ஆள் தேடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வினையை மைக் வைத்து அழைத்தவர் இவர் ஒருவர்தான்.

கூட்டத்துக்கு நாற்காலி முடிவு செய்ய ஒரு ஞாயிறு காலை நானே மோதி பாக் போனேன். வாசலிலேயே சண்டை காதில் விழுந்தது. அவருக்கு ப்ரமோஷன் வந்திருந்தது. செக்‌ஷன் ஆபீசர். ஆனால் நாக்பூருக்குப் போக வேண்டும். வேண்டாம் என்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும், இவர் அஸிஸ்டென்டாகவே ரிடையர் ஆக வேண்டியதுதான். கூட்டத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை ஆபீசில் பதில் சொல்ல வேண்டும்.

அவர் மனைவி வத்சலா அம்மாள் எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தார். நல்ல பெண்மணி. அந்த வீட்டில் தரையில் கால் வைத்து நடந்தவர் அவர் ஒருவர்தான்.

"நீங்களாவது சொல்லப்படாதா? பதினெட்டு வருஷமா இவரோட பேரைக் கூப்பிடுவா கூப்பிடுவான்னு காத்திண்டிருந்தேன். கூப்பிட்டா, மாட்டேங்கறார்."

"நாக்பூர் நல்ல ஊரு சாமி. ஆரஞ்சு நல்லாக் கிடைக்கும்" என்றேன்.

"ஆரஞ்சா! ஓய், இன்னும் ரெண்டு வாரத்திலே உலகம் மோதி பாக்குக்கு வரப்போறது. நான் நாக்பூர்லே ஃபைல் தள்ளிண்டு உக்காந்திருக்கறதா?"

பீரோவைத் திறக்கச் சொன்னார். சாவி அந்த அம்மாள் இடுப்பில்தான் இருந்தது. புடவைகளுக்கு நடுவிலிருந்து ஒரு வெள்ளைத் துணி மூட்டையை எடுத்துப் பிரித்தார். ஆரஞ்சு அளவுதான் இருக்கும். கன்னங்கரேல் என்று உருண்டையாக, வழவழப்பாக, ஒரு பக்கம் மட்டும் வாய் திறந்த மாதிரி ஒரு பொந்து. துணியில் ஒரு துளசி இலை ஒட்டியிருந்தது. அவர் அதைச் சுண்டி எறிந்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். அடுக்களை வாசலில் நின்ற வத்சலா அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். ஐயங்கார் வீட்டில் எதற்கெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள் என்று எனக்கு என்ன கணக்கா? காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

கூட்டத்தன்று அரங்கம் நிறைந்துவிட்டது. குளிர் நாளில் மத்தியான வெயிலை விட்டுவிட்டுத் தமிழன் உள்ளே வந்து உட்கார்ந்தான் என்றால் அது கஸ்தூரிரங்கனுக்காக அல்ல. கல்லைப் பார்க்க வந்தார்கள். மேடையில் ஒரு மேஜை, மேஜை மேல் என்னுடைய வெல்வெட் துணி, துணி மேல் கல். கல்யாண மாப்பிள்ளைக்குப் போடுகிற வெல்வெட் அது.

கஸ்தூரிரங்கன் முக்கால் மணி நேரம் பேசினார். பாறை, கடல், மின்னல், நட்சத்திரம் என்று எங்கெங்கோ போனார். நான் ஒன்று ஒப்புக்கொள்கிறேன், யாரும் எழுந்து போகவில்லை. வானத்துக்கும் நமக்கும் உள்ள சொந்தத்தைச் சொல்லும்போது அந்த ஒல்லி உடம்பு கொஞ்சம் உயரமாகக்கூடத் தெரிந்தது. கடைசியில், தேவையே இல்லாமல், "நாளைக்கு ஆபீசுக்குப் போய் எனக்கு நாக்பூர் வேண்டாம்னு சொல்லப்போறேன். இனிமே என் வேலை இந்தக் கல்லுதான்" என்று அறிவித்தார். முன் வரிசையில் இருந்த அவருடைய ஆபீஸ் ஜூனியர் ஒருவர் மற்றவர்களைவிடக் கொஞ்சம் பலமாகக் கை தட்டினார். அடுத்த ஆள் அவர்தான்.

பிறகு டாக்டர் வெங்கடேஸ்வரன் எழுந்தார். தங்கமான மனிதர், குரலே எழும்பாது. என் மைக்கை அவர் வாய்க்கு நேராக இறக்கி வைத்தேன்.

"பொடியிலே உயிர் இருக்கு. அதுலே சந்தேகமே இல்லை" என்றார்.

அரங்கம் அதிர்ந்தது. கஸ்தூரிரங்கன் கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்கு ஒரு சந்தேகம் வந்துது. இந்த மாதிரி சங்கிலி சங்கிலியா இருக்கறதை நான் தினம் பார்க்கறவன். அதனாலே காய்ச்சி ஆறின பால்லே கொஞ்சம் பொடியைப் போட்டு, கணப்புப் பக்கத்திலே வெச்சேன்." பையிலிருந்து ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்து மூடியைத் திறந்தார். "இந்தக் குளிர்லே எங்காத்திலே ஒறைமோர் விட்டாலே தயிர் ஒறையறதில்லை. இது கத்தி போட்டு வெட்டற மாதிரி ஒறைஞ்சுது."

யாருக்கும் புரியவில்லை. கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டினார். தயிர் அசையவில்லை.

"வானத்திலேர்ந்து வந்த உயிரா, பால் பூத்லேர்ந்து வந்த உயிரான்னுதான் கேள்வி. இந்தக் கல்லு மேலே யாராவது பாலோ தயிரோ கொட்டினாளா?"

"அதெப்படி? பீரோவிலே வெச்சுப் பூட்டியிருக்கேன்" என்று கஸ்தூரிரங்கன் பாய்ந்து வந்தார். "யாரும் தொட முடியாது. சாவி..."

அங்கே நின்றுவிட்டார்.

பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் வத்சலா அம்மாள் எழுந்து நின்றார். கூட்டத்தில் யார் எழுந்தாலும் கை மைக்கைக் கொண்டுபோய் முன்னால் நீட்டுவது என் தொழில் வழக்கம். கேள்வி கேட்கிறவர் குரல் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் அது அழகர்சாமி மைக் இல்லை. போய் நீட்டினேன்.

"நான்தான்" என்றார். அரங்கத்தின் நாலு மூலையிலும் 'நான்தான்' என்றது. தன் குரலைக் கேட்டு அவரே ஒரு நிமிஷம் பயந்துபோனார். பிறகு பிடித்துக்கொண்டார். "அது சாளக்ராமம். பார்த்த அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுது. கறுப்பா, உருண்டையா, வாயோட இருக்கு. ஆத்திலே சாளக்ராமம் வந்து உக்காந்திருக்கு, திருமஞ்சனம் கிடையாது, தளிகை காட்டறது கிடையாது, புடவையோட புடவையா பீரோவிலே கிடக்கு. குடும்பம் உருப்படுமா? இவர்கிட்ட சொன்னா, இது நட்சத்திரத்துத் துண்டு, வாயை மூடுங்கறார். அதான் இவர் ஆபீஸ் போனப்பறம் பாலும் தயிரும் தேனுமா, தினம் நானே பண்ணினேன்."

பெண்கள் வரிசையில் ஒரு மாமி, "பொம்மனாட்டி சாளக்ராமத்தைத் தொடலாமோ?" என்று கேட்டுவிட்டாள்.

"தொடலை மாமி! கரண்டியாலேதான் எடுத்து வெச்சேன்."

அதற்கப்புறம் நடந்ததை என்னவென்று சொல்ல! தலைமை வகித்த டாக்டரே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். கஸ்தூரிரங்கன் மேடையிலிருந்து மெல்லத்தான் சொன்னார். ஆனால் மைக் திறந்திருந்தது.

"வத்சலா, அது கல்லுடி."

"கல்லுதான். பெருமாள் கல்லாத்தான் இருப்பார்."

"அதிலே ஆகாசத்து உயிர்..."

"ஆகாசமோ பூமியோ எனக்குத் தெரியாது. அத்தனை வருஷமா வராத ப்ரமோஷன், திருமஞ்சனம் ஆரம்பிச்சு நாலாம் மாசம் வந்துது. கொடுத்தவர் மேஜை மேலே உக்காந்திருக்கார். அவர் முன்னாடியே நின்னுண்டு வேண்டாங்கறேளே, இது அடுக்குமா?"

சிரிப்பு அங்கே கொஞ்சம் அடங்கியது. அந்த அம்மாளின் கண்ணில் நீர் வந்துவிட்டது. பின் வரிசையில் மட்டும் எவனோ ஒருவன், "ஸார், தயிர் இருக்கு, ஊறுகாய் யார் கொண்டுவந்திருக்கா?" என்று கத்தினான். நான் மைக்கை எடுத்துக்கொண்டேன். கஸ்தூரிரங்கன் கிண்ணத்தைக் கையில் வாங்கி, அதற்குள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் பெயிலாக்கிவிட்டார்கள் என்றால் பார்ப்பார்களே, அப்படி. பிறகு மூடியைப் போட்டு மேஜையில் வைத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போனார். நானும் என் ஆட்களும் நாற்காலியை மடக்க ஆரம்பித்தோம். "அரே பையா, ஜல்தி" என்று நான் போட்ட சத்தம்தான் அன்றைய கூட்டத்துக்கு நன்றியுரை.

கல் உண்மையிலேயே வானத்திலிருந்து விழுந்ததா என்று வெட்டிப் பார்த்தால் தெரியும் என்றாராம் டாக்டர். "பெருமாளை அறுக்கறதாவது" என்று வத்சலா அம்மாள் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். ஆகவே அது இன்றுவரை யாருக்கும் தெரியாது. தெரிந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

திங்கட்கிழமை கஸ்தூரிரங்கன் ஆபீசுக்குப் போய் நாக்பூருக்குச் சம்மதம் சொன்னார். வேறு வழி? கரோல் பாக்கில் தலை காட்டினால் தயிர்க்காரர் வருகிறார் என்று பையன்கள் கூப்பிட்டார்கள். கைதட்டிய ஜூனியர் இன்னமும் அஸிஸ்டென்டாகவே இருக்கிறார்.

எண்பத்துநாலு தொடக்கத்தில் கித்தான் துணி வாங்க நாக்பூர் போயிருந்தேன். நான் இப்போது மொத்தமாக மில்லிலேயே எடுக்கிறேன், நடுவில் தரகன் கிடையாது. போன இடத்தில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். காலை வேளை. கதவைத் திறந்த வத்சலா அம்மாள், "வாங்கோ, இவர் பெருமாள் உள்ளிலே இருக்கார்" என்றார். எட்டிப் பார்த்தால், செக்‌ஷன் ஆபீசர் நெற்றியில் பெரிய நாமத்தோடு, ஒரு தாம்பாளத்தில் அந்தக் கல்லை வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருக்கிறார். நட்சத்திர மனிதர்! சிரிப்பை அடக்க எனக்கு மஃப்ளர் இல்லையே என்று இருந்தது.

"நாக்பூர் வரதுக்கு நான் போட்ட கண்டிஷன் அதுதான்" என்றார் அந்த அம்மாள். "நான் தொடப்படாதோல்லியோ? இனிமே நீங்கதான் பண்ணணும்னுட்டேன்."

கஸ்தூரிரங்கன் திரும்பி என்னைப் பார்த்தார். வெட்கப்படுவார் என்று நினைத்தேன். முகம் மலர்ந்தது.

"ஓய் அழகர்சாமி, நல்ல சமயத்திலே வந்தீர். ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன். இவ கல்லு மேலே பாலை விட்டா. அவளுக்கே தெரியாம அதுலே உயிர் ஏறித்து. சரிதானே? இதே மாதிரி, எங்கேயோ ஒரு நட்சத்திரத்துப் பக்கத்திலே, யாரோ ஒருத்தி, ஆத்துக்காரனுக்குத் தெரியாம ஒரு கல்லுக்குத் திருமஞ்சனம் பண்ணியிருந்தா? அந்தக் கல்லு உருண்டு வந்து நம்ம பூமியிலே விழுந்திருந்தா? நீரும் நானும் அதிலேர்ந்துதான் வந்திருப்போம். நான் சொன்னதிலே என்ன ஓய் தப்பு?"

"அப்ப அந்த அம்மா வீட்டுக்காரருக்கும் ப்ரமோஷன் வந்திருக்குமா சாமி?"

அவர் கையில் பால் கிண்ணத்தோடு, மெய்யாகவே யோசித்தார். "வந்திருக்கும்" என்றார்.

திருந்தாத ஜென்மம். ஊரே சிரித்தும், நாக்பூருக்குத் துரத்தியும், அந்த மண்டைக்குள் ஒரு ஆணிகூட அசையவில்லை.

"பேசினது போறும்" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "தளிகை ஆறறது. பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணிட்டு, வந்தவருக்கு இலையைப் போடுங்கோ."

பிரபஞ்சத்தில் உள்ள உயிருக்கெல்லாம் பூர்வீகம் தேடிய மனிதர் மறுபேச்சு இல்லாமல் திரும்பி மணியை எடுத்து ஆட்டினார். நான் சாப்பிட உட்கார்ந்தேன். கடைசியில் தயிர் போட்டார்கள். டில்லியில் இத்தனை வருஷத்தில் நான் அப்படி ஒரு தயிர் சாப்பிட்டதில்லை. சொன்னால் அதற்கும் ஒரு மணி நேரம் பேசுவார் என்று, வாயைத் திறக்காமல் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டேன்.